சுவரக்காவின் முதல் கைது

அந்தச் சிறையில் சுவரக்கா அளவுக்குத் தண்ணீர் குடிப்பவர் வேறு யாரும் கிடையாது. கைதிகளைப் பார்க்க வீட்டார் வருகிற நாளென்றால் மதியத்துக்குள் அவளுடைய பாட்டில் பலமுறை நிரம்பிக் காலியாகும். "சர்க்கரையா இருக்கப்போவுது, டாக்டர்கிட்ட ஒருதரம் காட்டுக்கா" என்று சமையல்கட்டைப் பார்த்துக்கொள்கிற வார்டர் நச்சரித்துக்கொண்டே இருப்பாள். சுவரக்காவுக்குச் சர்க்கரையும் இல்லை, தாகமும் இல்லை. தண்ணீர் குடிப்பது அவள் வேலையில் ஒரு பகுதி.

அவளும் வார்டர்தான். வாசலை ஒட்டிய சோதனை அறை அவள் பொறுப்பு. மகனையோ புருஷனையோ பார்க்க வருகிற பெண்கள் ஒவ்வொருவராக அந்த அறைக்குள் வரவேண்டும். திரைக்குப் பின்னால் தலைமுடி முதல் செருப்பு வரை அவள் கையால் சோதித்து முடித்த பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். ஒரு மேசை, ஒரு பெஞ்சு, சாயம் போன பச்சைத் திரை, கதவோரமாகக் குப்பை போட ஒரு நீல பிளாஸ்டிக் வாளி, அவ்வளவுதான் அறை. ஒருத்தி உள்ளே வந்ததும் அவள் முகத்தையும் கையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இருங்கம்மா, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று சுவரக்கா சொல்வாள். பாட்டிலை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று சாவகாசமாகக் குடிப்பாள். முதுகுக்குப் பின்னால் துணி சரசரக்கும். சில நாள் வாளிக்குள் ஏதோ விழுகிற சத்தம் கேட்கும். மூடியைத் திருகிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து சோதனையை ஆரம்பிப்பாள்.

பார்வையாளர் வரிசையில் நிற்கிற பெண்கள் வைத்த பெயர்தான் சுவரக்கா. அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தெரியும், அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

சாயங்காலம் வாளியைப் பின்கட்டுக்குக் கொண்டுபோய்க் கொட்டி எரித்துவிடுவாள். புகையிலைப் பொட்டலம், பெயர் தெரியாத மாத்திரை, சிம் கார்டு, ஒருமுறை பாதி பிளேடு. இன்னொரு முறை யாரோ ஒரு புண்ணியவதி பயந்துபோய், தடையே இல்லாத அவித்த முட்டை நான்கையும் வாளியில் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அதை மட்டும் எரிக்கவில்லை.

இதனால் அவளை இளகின மனசுக்காரி என்று நினைத்தவர்கள் ஏமாந்துதான் போனார்கள். தண்ணீர் குடித்து முடித்த பிறகும் பொருளை மறைத்து வைத்திருந்தவள் ஒருத்திகூட அவளிடமிருந்து தப்பியதில்லை. கொண்டைக்குள் இருந்தாலும் அவள் விரல் மோப்பம் பிடித்துவிடும். பொருளைப் பிடுங்கிக்கொண்டு, ஆளைப் பார்க்கவிடாமல் வாசலோடு திருப்பி அனுப்புவாள். அழுதாலும் சரி, காலில் விழுந்தாலும் சரி. ஒரே ஒரு வாய்ப்புதான், அது அந்த ஒரு வாய் தண்ணீர்.

அப்போதெல்லாம் வேறு வழியும் இல்லை. வார்டருக்கு ஒரு ஈயைக்கூடக் கைது செய்கிற அதிகாரம் கிடையாது. எதையாவது பிடித்தால் போலீஸுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். அவர்கள் பொழுது சாய வந்து, "இதுக்கெல்லாமா எங்களக் கூப்பிடுவீங்க?" என்று முகம் சுளிப்பார்கள். சிறைவாசலைத் தாண்டினால் வார்டரும் வழிப்போக்கரும் ஒன்று.

அது எவ்வளவு பெரிய அவமானம் என்பது சுவரக்காவுக்குத் தெரிந்த மாதிரி வேறு யாருக்கும் தெரியாது. அவள் வீட்டுக்காரரும் அதே சிறையில் வார்டர். ஒரு லீவு நாளில் கடைத்தெருவில், பரோலில் போய்த் திரும்பி வராத ஒருவனைப் பார்த்துவிட்டு, கடமை உணர்ச்சி பொங்கி, எட்டிச் சட்டையைப் பிடித்தார். அவன் ஒரே குத்தில் இரண்டு பல்லைக் கழற்றிவிட்டான். இவரும் திருப்பி நாலு போட்டார். போலீஸ் வந்து அவனை அள்ளிக்கொண்டு போனதோடு நிறுத்தாமல், அதிகாரம் இல்லாமல் ஆளைப் பிடித்து அடித்தார் என்று இவர்மேலும் வழக்கு எழுதியது. "சாவி வெச்சிருக்கறவங்க சாவிய மட்டும் பாத்துக்குங்க" என்று ஸ்டேஷனில் எல்லார் முன்னாலும் சொன்னார்களாம். வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். பல் போனது, சம்பளம் போனது, மானம் போனது. பொய்ப்பல்லோடு வீட்டில் உட்கார்ந்திருந்த மனுஷனைப் பார்க்கப் பார்க்கச் சுவரக்காவுக்கு வயிறு எரிந்தது.

அதன் பிறகுதான் வார்டர்கள் சங்கக் கூட்டங்களில் முன்வரிசைக்கு வந்தாள். கொடி பிடித்தாள், மனு கொடுத்தாள், அமைச்சர் வீட்டு வாசலில் வெயிலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். "எங்களுக்கும் சோதனை போட, கைது பண்ண, வழக்கு எழுத அதிகாரம் வேணும்" என்பதுதான் கோரிக்கை. நியாயமான கோபம். யாரும் குறை சொல்ல முடியாது.

சட்டம் வந்தது. சிறைக்குள்ளும் அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும் சிறை ஊழியர்களுக்குப் போலீஸ்காரருக்கு உள்ள அதிகாரம் அத்தனையும் உண்டு. வீட்டுக்காரரையும் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அலுவலகத்தில் இனிப்பு கொடுத்தார்கள். இடுப்புக்குப் புது பெல்ட்டும் அதில் தொங்க ஒரு கைவிலங்கும் வந்தன. வீட்டுக்காரர் அன்றைக்கே ஒத்திகை பார்க்கிறேன் என்று தன் கையையும் நாற்காலிக் கையையும் சேர்த்துப் பூட்டிவிட்டார். சாவி எங்கே என்று பார்த்தால், பத்திரமாக இருக்கட்டும் என்று அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறார். சாவியைக் கொண்டுவர ஆள் போய்த் திரும்பும்வரை நாற்காலியைக் கூடவே இழுத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்தார். சுவரக்கா அடிவயிறு வலிக்கிற அளவுக்குச் சிரித்தாள். அவர் பல் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

பயிற்சி முடிந்து, கைது செய்யும்போது சொல்லவேண்டிய வாசகத்தையும் மனப்பாடம் செய்தாயிற்று. அடுத்ததாகச் சோதனை அறையில் கேமரா வந்தது. திரைக்கு உள்ளே தெரியாது, கதவுப் பக்கம் மட்டும்தான் தெரியும் என்று ஜெயிலர் உறுதி சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. அதட்டிப் பேசத் தெரியாத மனிதர், புதுச் சட்டத்தில் தன் சிறை பின்தங்கிவிடக் கூடாதே என்கிற கவலை மட்டும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மற்ற சிறைகளிலெல்லாம் கைது நடந்துவிட்டது, இங்கே மட்டும் ஒன்றுமில்லை என்று மேலிடத்தில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

கேமராவைப் பார்த்த அன்றைக்கே சுவரக்காவுக்குப் புரிந்துவிட்டது, இனிமேல் அந்த ஒரு வாய் தண்ணீர் கூடாது. வாளியில் போடுகிறவள் இனி தப்பித்தவள் இல்லை, மாட்டிக்கொண்டவள். புரிந்ததே தவிர, அதை வரிசையில் நிற்கிறவர்களிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை. இத்தனை வருஷமும் சொல்லாமலே நடந்த ஒன்றை, இனி கிடையாது என்று எந்த வாயால் சொல்ல முடியும்? இருந்தது என்று ஒத்துக்கொண்டால்தானே இல்லை என்று சொல்ல முடியும். அதனால் வாயை மூடிக்கொண்டு, பாட்டிலை மேசைக்கு அடியில் தள்ளிவைத்தாள். முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு, வந்தவர்களை நேராகத் திரைக்குள் அனுப்பினாள். அவள் நல்ல நேரம், அந்த வாரங்களில் யாரும் எதுவும் கொண்டுவரவில்லை. வாளியை எடுத்துவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். குப்பை எங்கே போடுவது என்று பெருக்குகிறவள் கேட்பாளே என்று தினமும் விட்டாள்.

அப்புறம் தையல்காரம்மா வந்தாள்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடையில் தையல் மெஷின் மிதிக்கிறவள். அடிதடி வழக்கில் உள்ளே இருக்கிற ஒற்றை மகனைப் பார்க்க மருமகளோடு மாதம் தவறாமல் வருவாள். ஒரு நாளும் எதுவும் கொண்டுவந்ததில்லை. "உங்க சட்டைக் கை சுருங்கிக் கெடக்குக்கா, பிரிச்சுக் குடுங்க, நான் சரி பண்ணித் தரேன்" என்று சோதனைக்கு நடுவிலேயே சொல்கிறவள். அன்றைக்கு அவள் பேசவில்லை. முகம் வெளுத்திருந்தது. ஒரு கை மற்றொரு கையின் ரவிக்கை விளிம்பைத் திருகிக்கொண்டே இருந்தது. கண் நேராக வாளிக்குப் போய், அங்கிருந்து சுவரக்காவிடம் வந்து நின்றது.

"இருங்கம்மா" என்றாள் சுவரக்கா. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்."

அவள் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொன்னது, கால் திரும்பியது, குனிந்து பாட்டிலை எடுத்தாயிற்று. அதில் தண்ணீர்கூட இல்லை. காலி பாட்டிலை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபோதுதான் கேமரா ஞாபகம் வந்தது. உடனே திரும்பியிருக்கலாம். "உள்ள போங்க" என்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் போதும், திரைக்குள் வைத்து வேறு ஏதாவது செய்திருக்கலாம். உடம்பு மரத்துப்போய் நின்றுவிட்டது. பின்னால் நூல் அறுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு வாளிக்குள் லேசாக ஏதோ விழுந்தது.

அவள் திரும்புவதற்குள் கதவு திறந்தது. ஜெயிலரும் தலைமை வார்டரும் நின்றார்கள். கேமரா ஓடுகிற டிவி பக்கத்து அறையில்தான் இருந்தது.

"பிரமாதம்மா" என்றார் ஜெயிலர். அவருக்கு மூச்சு வாங்கியது. "இப்படித்தான் பிடிக்கணும்."

வாளியில் ஒரு சிம் கார்டு கிடந்தது. பெண்ணைப் பெண்தான் கைது செய்யவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சுவரக்கா தையல்காரம்மாவின் தோளில் கை வைத்து, மனப்பாடம் செய்த வாசகத்தைச் சொன்னாள். குரல் அவளுக்கே யாருடையதோ போல் இருந்தது.

தையல்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ புதுச் சம்பிரதாயம் என்று நினைத்தாளோ என்னவோ, லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

"அக்கா, நான்தான் போட்டுட்டேனே" என்றாள். "நீங்க பாக்கல. போட்டுட்டேன்க்கா."

ஜெயிலர் அறையில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினார்கள். மகனை உள்ளே சிலர் போட்டு அடிக்கிறார்கள், சிம் வராவிட்டால் உயிரோடு விடமாட்டார்கள் என்று போனமுறை அவன் அழுதானாம். அதை ரவிக்கைக் கைக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வந்தவளுக்கு வரிசையில் நிற்கும்போதே தைரியம் போய்விட்டது. சுவரக்கா இருக்கிறாள், போட்டுவிட்டு வெறுங்கையோடு போய் மகனைப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் உள்ளே வந்திருக்கிறாள். அது தையல்காரம்மா சொன்னது. இனி சுவரக்கா சொல்ல வேண்டியது.

"எதுக்குச் சுவர்ப் பக்கம் திரும்புனீங்கன்னு ஒரு வரி வேணும்" என்றார் ஜெயிலர்.

"சார், அது எங்க வழக்கம். போட்டுட்டாங்கன்னா விட்டுருவோம். அந்தம்மா போட்டுட்டாங்க சார். குடுத்துட்ட மாதிரிதானே."

ஜெயிலர் பேனாவை மூடினார். தலைமை வார்டரை வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க சொன்னது என் காதுல விழல. விழுந்துச்சுன்னா உங்களையும் எழுதணும். பொருள் கொண்டுவர்றவங்களுக்கு உதவி பண்ற ஊழியர்னு தனியா ஒரு பிரிவு இருக்கு. வெளிய இருந்து வர்றவங்களவிட நமக்குத்தான் தண்டனை அதிகம். நீங்க கேட்டு வாங்குன சட்டம்தான்மா, படிச்சுப் பாருங்க. வழக்கம்னு சொன்னா எத்தன வருஷமான்னு கேப்பாங்க, வாளியில விழுந்ததெல்லாம் எங்க போச்சுன்னு கேப்பாங்க. உங்க வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னும் கேப்பாங்க."

"அப்ப நான் என்ன சொல்லட்டும்?"

"பிடிக்கறதுக்காகத் திரும்புனேன்னு சொல்லுங்க. நடந்தது அதுதானே? நீங்க திரும்புனீங்க, அவங்க மாட்டுனாங்க."

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும் வீட்டில் சொன்னாள். வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பொய்ப்பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டார். அது இல்லாமல் பேசும்போது அவர் குரல் கொழகொழவென்று இருக்கும்.

"ஒரே ஒரு வரி. சொல்லிட்டு வந்துரு" என்றார்.

"அந்தம்மா உள்ள போயிடுவாங்க."

"இல்லன்னா நீ போவ. நானும் வருவேன். என்னை ஒருதரம் ஸ்டேஷன்ல உக்கார வெச்சாங்க, பாத்தியில்ல? இன்னொருதரம் என்னால முடியாது."

அவர் கெஞ்சுகிற மனிதர் இல்லை. கெஞ்சினார். சுவரக்கா தட்டைக் கழுவப் போனாள். கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

கோர்ட்டில் வழக்கு வந்த அன்று அவளுக்கு ஒரு புது அதிர்ச்சி காத்திருந்தது. தையல்காரம்மாவுக்காக வாதாடிய வக்கீல் சின்ன வயசுப் பெண். சாட்சிக்கூண்டில் நின்ற சுவரக்காவைச் சந்தேகமாகப் பார்க்காமல், தெரிந்தவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி சிரித்தாள்.

"என் கட்சிக்காரர் எங்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. சுவரக்காவக் கேளுங்க, அவங்க உள்ளத சொல்லுவாங்கன்னாங்க. அதனால நான் நேராவே கேக்கறேன். சோதனைக்கு முன்னாடி நீங்க சுவர்ப் பக்கம் திரும்பி நிப்பீங்க, எதுனா கொண்டுவந்தவங்க வாளியில போட்டுட்டா அவங்கள ஒண்ணும் செய்ய மாட்டீங்க. அது பல வருஷ வழக்கம். சரியா?"

தையல்காரம்மா எதிரே நின்றுகொண்டிருந்தாள். காவலில் இருந்த நாட்களில் இளைத்திருந்தாள். தலையை ஆட்டி ஆட்டி, 'சொல்லுங்க, சொல்லுங்க' என்பது போலப் பார்த்தாள். பின்வரிசையில் ஜெயிலர், அவர் பக்கத்தில் வீட்டுக்காரர்.

"இல்லீங்க" என்றாள் சுவரக்கா.

வக்கீலின் சிரிப்பு அப்படியே நின்றது. "அப்ப எதுக்குத் திரும்புனீங்க?"

"யாரும் பாக்கலன்னு நினைச்சா, மறைச்சு வெச்சிருக்கறத வெளிய எடுப்பாங்க. கேமராவுல விழும். கையும் களவுமாப் பிடிக்கலாம். அதுக்குத்தான்."

"வாளி எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"குப்பை போட."

நீதிபதி எழுதிக்கொண்டார். எழுதி முடித்து நிமிர்ந்து, புது அதிகாரத்தை இவ்வளவு சாமர்த்தியமாகப் பயன்படுத்திய ஊழியரைப் பாராட்டுவதாகச் சொன்னார். அந்தப் பாராட்டைத் தீர்ப்பிலும் சேர்த்தார். தையல்காரம்மாவுக்கு இரண்டு வருஷம்.

தீர்ப்பு முடிந்ததும் கைதியைச் சிறைக்குக் கூட்டிப் போவதும் இனி சிறை ஊழியர் வேலைதான். தையல்காரம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சுவரக்கா வராந்தாவில் நின்றாள். வண்டி இன்னும் வரவில்லை. இரண்டடி தள்ளி ஜெயிலர் நின்றார். அவருக்கு வாய் கொள்ளாத சந்தோஷம். இந்த முறையை எல்லாச் சோதனை அறையிலும் கொண்டுவரச் சொல்லி மேலிடத்துக்கு எழுதப்போகிறேன், புதுசாகச் சேர்கிறவர்களுக்கு உன் வீட்டுக்காரிதான் பாடம் எடுக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தூணோரம் மருமகள் கைக்குழந்தையோடு நின்று அழுதுகொண்டிருந்தாள். தையல்காரம்மா அழவில்லை.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

சுவரக்கா வண்டி வருகிறதா என்று வாசல் பக்கம் பார்த்தாள்.

"இத்தன வருஷமும் அப்பிடித்தானா? எங்களப் பிடிக்கறதுக்காகத்தான் அந்தப் பக்கம் திரும்பி நின்னீங்களா?"

ஜெயிலர் பேச்சை நிறுத்திவிட்டார். வீட்டுக்காரரும் திரும்பிப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த வராந்தாவே கேட்டுவிடும். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட இல்லை என்று அவள் தொண்டைக்குள் கத்தினாள். அது வெளியே வரவில்லை. அது வந்தால் அவள் வாழ்க்கை போய்விடும், பல் போன அந்த மனிதரின் வாழ்க்கையும் போய்விடும்.

"ஆமா" என்றாள்.

தையல்காரம்மா அதை நம்பத்தான் பார்த்தாள். ஆனால் ஏதோ கணக்கு உதைத்தது போலும். நெற்றியைச் சுருக்கினாள்.

"அப்ப என் தங்கச்சிய ஏன் விட்டீங்க? முன்ன அவ புருஷன் உள்ள இருந்தப்போ புகையிலைய வாளியில போட்டா. பயந்து நடுங்கிட்டு வெளிய வந்தா. நீங்க ஒண்ணுமே கேக்கலன்னு எங்க வீட்ல உங்களக் கும்பிடாத கொறதான். அவள மட்டும் ஏன் விட்டீங்க?"

சுவரக்கா ஜெயிலரைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எங்களுக்கு அதிகாரம் இல்ல" என்றாள்.

தையல்காரம்மாவின் நெற்றிச் சுருக்கம் விலகியது. பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். இப்போது கணக்கு சரியாக வந்துவிட்டது. தூணோரம் நின்ற மருமகளைக் கூப்பிட்டாள்.

"கேட்டியாடி?" என்றாள். "வரிசையில நிக்கறவங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லிடு."